செத்த எலியைத் தேடிய வாரம்

என் வயிற்றுத் தையலில் சீழ் பிடித்து நான் செத்துக்கொண்டிருந்த வாரத்தில், எங்கள் வீட்டில் எல்லோரும் செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எலி கிடைக்கவில்லை. அப்படி ஓர் எலியே இல்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் நடந்தது இது. இன்றைக்குச் சொன்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளைப் பெற்றதால் வந்த வினை என்பதால், அவள் சிரிக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அவள் வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தாள். குப்பத்து மருத்துவச்சி தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் கைக்கு அடங்கற கேஸு இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எங்கள் குப்பத்தில் அதுவரை யாருக்கும் அப்படி நடந்ததில்லை. நாங்கள் மீனுக்குத்தான் வயிற்றைக் கிழிப்போம். கிழித்த பிறகு அது எழுந்து நடந்து வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான் பிழைத்துக் கண் விழித்ததையே என் வீட்டார் ஏதோ தவறுதலாக நடந்துவிட்ட நல்ல காரியம் மாதிரிதான் பார்த்தார்கள்.

எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் புருஷன் வீட்டுப் பொறுப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது மாமியார்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செத்திருந்தால் அதற்கும் காரணம் அவர்தான், சாகாமல் இருப்பதற்கும் காரணம் அவர்தான்.

அவர் மீன் விற்கிறவர். கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, தெருத் தெருவாகக் கூவி விற்பார். மீதி இருந்தால் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போவார். அவரைக் கண்டால் நிறுத்தாமல் போகிற கண்டக்டர்கள் இருந்தார்கள். ஏற்றிக்கொண்டாலும் பக்கத்து சீட்டு காலியாகவே வரும், ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அவரிடம் பேரம் பேசுகிற பெண்களிடம்தான் அவர் வியாபாரம் செய்தாக வேண்டும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அவருக்கு அந்த வேல் 'நாத்தம்' என்ற ஒரு வார்த்தை. யார் வாயிலிருந்து அது வந்தாலும் விடமாட்டார். எங்கள் வீட்டு வாசலில் நின்று மூக்கைச் சுளித்த தபால்காரரைக் கடற்கரை வரை துரத்தியிருக்கிறார்.

தையல் பிரித்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று, வார்டு நர்ஸ் என் கட்டிலுக்கு வந்தார். இளம் வயது, கறாரான பேச்சு. மாமியாரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "வீட்டுக்குப் போனப்புறம் குளிர் சுரம் வந்தா கூட்டிட்டு வாங்க. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினா வாங்க. தண்ணியோ சீழோ கசிஞ்சா வாங்க." மாமியார் மூன்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நர்ஸ் கடைசியாக, "நாத்தம் அடிச்சா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிருக்காதீங்க, உடனே வந்துடணும்" என்றார்.

மாமியார் தலையாட்டுவது நின்றது.

"இன்னா சொன்னே?"

"நாத்தம் அடிச்சா..."

அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரி வந்த முதல் நாளே தன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டதையும், பால் ஊற்றுகிற ஆயா தூரத்தில் நின்று டம்ளரை நீட்டியதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தவர் வெடித்துவிட்டார். "பாத்தியா, பாத்தியா, சுத்திச் சுத்தி கடைசியா எங்க வந்து நிக்கிறா பாரு! எங்க வூடு நாறுதுன்னு நீ வந்து மோந்து பாத்தியா? படிச்சவதானே நீ? மீனு துன்ன மட்டும் வேணும், மீன்காரி நாறிப் பூடுவாளா?" நர்ஸ் ஏதோ விளக்க வாயெடுத்தார். மாமியார் இடம் கொடுக்கவில்லை. குழந்தையை வாரித் தோளில் போட்டு, என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று வார்டுக்கே அறிவித்துவிட்டு வெளியேறினார். நாலாவது பேச்சில் வந்த கோபத்தில் முதல் மூன்றையும் சேர்த்து அந்த வாசலிலேயே கொட்டிவிட்டு வந்துவிட்டார்.

குப்பத்தில் எனக்குப் பெரிய வரவேற்பு. வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்தவளைப் பார்க்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எங்களுடையது வலை பின்னுகிற ஊர். வந்தவர்கள் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையலை ஒன்பது பார்வை பார்த்தார்கள். முடிச்சு இருந்த தடங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றாள் ஒருத்தி. கீழ்ப்பக்கம் இழுப்பு சரியில்லை, அங்கே விட்டுப்போகும் என்றாள் இன்னொருத்தி. "என் தம்பி இத்தவிட நைசா முடிவான், அவன இட்டாந்திருக்கலாம்" என்றாள் மூன்றாமவள். மாமியாருக்கு என் வயிற்றைத் திறந்து காட்டுவதில் ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது. காட்டி முடித்ததும் அரைத்த மஞ்சளை அப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டுவார். பிள்ளை பெற்ற வயிறு தொங்கிவிடக் கூடாது என்று எல்லோருக்கும் கட்டுகிற கட்டு அது. கிழித்த வயிற்றுக்கு அது கூடாது என்று சொல்ல எங்களிடம் ஆளில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. பல் தந்தியடிக்கிற குளிர். "பால் கட்டிகினு கீது, பால் சுரம்" என்றார் மாமியார். தையல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தால், மஞ்சள் பூசிய வயிற்றில் எல்லாமே மஞ்சளாக இருந்தது. கட்டு நனைந்திருந்தது. பால் ஒழுகி நனைந்திருக்கும் என்றார்கள். கீழ்ப்பக்கம் விண்விண்ணென்று தெறித்தது. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு வந்த ஒவ்வொரு கேடுக்கும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பதில் தயாராக இருந்தது.

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்குள் கடலுக்குப் போகிற ஆண் காலெடுத்து வைக்கக் கூடாது. தீட்டு, வலையில் மீன் படாது. அதனால் அவர் வெளியே நின்று ஓலைத் தடுப்போடு குடும்பம் நடத்தினார்.

"இன்னா பண்ணிகினு கீறே?"

"செத்துகினு கீறேன்."

"கஞ்சி குட்சியா?"

"செத்துகினு கீறேன்னு சொல்றேன்யா."

"சரி சரி, சூடா குடி."

போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. பிள்ளை பெற்றவள் ஒவ்வொருத்தியும் அந்த ஓலைக்கு அந்தப் பக்கமிருந்து அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொருத்தியும் பிழைத்தும் இருக்கிறாள்.

அதன் பிறகுதான் அந்த நாற்றம் வந்தது.

முதலில் மாட்டியது சுறாப் புட்டு. பால் ஊற வேண்டும் என்று எனக்கு வேளா வேளைக்குச் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் பூண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டியைக் கடலில் கொண்டுபோய்த் தேய்த்தார்கள். நாற்றம் போகவில்லை. சட்டியை உடைத்தார்கள். போகவில்லை. அடுத்து எலி. கூரையில் எலி செத்திருக்கிறது என்று மாமியார் முடிவு கட்டினார். ஆள் வைத்து ஓலையைப் பிரித்தார்கள். என் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் ஆகாயம் தெரிந்தது. காய்ச்சல் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. எலி இல்லை. அடுப்பைக் கிளறினார்கள், அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், பரணில் கிடந்த பழைய வலையை உதறினார்கள். வீடு முழுக்கச் சாணம் தெளித்துச் சாம்பிராணி போட்டார்கள். இப்போது சாணமும் சாம்பிராணியும் சேர்ந்து நாறியது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை என்பார்கள். எங்கள் கதையில் வெண்ணெய் கட்டிலில் படுத்து, "எலி இல்ல அத்த, எனக்கு ஏதோ நண்டு மாரி தோணுது" என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தது. ஆம், நானும் தேடினேன். வேறென்ன செய்வது? மூக்குக்கு நேரே இருக்கிற எதையும் மனுஷன் தன்னுடையது என்று நினைப்பதில்லை.

நண்டு என்று நான் சொன்னது வினையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கருவாடு போடுகிறவள். மாமியாருக்கும் அவளுக்கும் மீன் உலர்த்துகிற இடத்துக்காக ரொம்ப நாள் பகை. எங்கள் வீட்டுக்கு ஆகாததைச் செய்ய அழுகின நண்டை வேலியோரம் புதைத்துவிட்டாள் என்று மாமியார் கிளம்பினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒன் வூடு நாறுனா என் வேலியா கெட்ச்சுது ஒனக்கு?"

"யாரு வூடு மே நாறுது? என் வூடா? சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லு!"

"ஊரே சொல்லிகினு கீது!"

ஊர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விஷயம் பஞ்சாயத்துக்குப் போய்விட்டது.

எங்கள் பஞ்சாயத்தார் வலைத் தகராறு, கட்டுமரத் தகராறு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடின தகராறு எல்லாம் தீர்த்தவர்கள். நாற்றத் தகராறு அவர்களுக்குப் புதிது. ஆனாலும் அசரவில்லை. வழக்கு நாற்றம் என்பதால் நேரில் வந்து மோந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஊர்த்தலைவர்தான் முதலில் மோக்க வேண்டும், அது மரியாதை. அவர் மூக்குப்பொடி போடுகிறவர். அவர் மூக்கு செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மனுஷன் கண்ணை மூடி ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "இருக்குது" என்றார். எது என்று சொல்லவில்லை.

மற்றவர்கள் சொன்னார்கள். அழுகின கெளுத்தி என்றார் ஒருவர். திருக்கை என்றார் மற்றவர். கெளுத்திக்கும் திருக்கைக்கும் வித்தியாசம் தெரியாதவன் பஞ்சாயத்துக்கு எதற்கு என்று ஒரு கிளைத் தகராறு முளைத்தது. அடுப்படி, கொல்லை, வேலி, கோழிக் கூடு என்று மோந்துகொண்டே வந்து கடைசியில் என் அறையின் ஓலைத் தடுப்புக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். ஓலை இடுக்கு வழியாக எனக்கு அவர்களுடைய கால்கள் தெரிந்தன.

"இங்கதான் ஜாஸ்தியா கீது."

"ஆமா, இங்கதான் ஆளையே தூக்குது."

"உள்ள இன்னா கீது?"

"மருமவ. புள்ள பெத்துகினு படுத்துகினு கீறா."

"ஓ. அப்ப உள்ள ஒண்ணும் இருக்காது."

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். நுழையக் கூடாத இடத்தில் குற்றவாளி இருக்க முடியாது என்பது எங்கள் பஞ்சாயத்தின் சட்டம். ஆகையால் நாற்றம் தடுப்புக்கு அடியில், மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பள்ளம் தோண்டினார்கள். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. அது யாருடையது என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் காய்ச்சலில் கிடந்து அந்த மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் புதைக்கத்தான் தோண்டுகிறார்கள் என்று ஒரு சமயம் நினைத்துக்கொண்டேன். பயமாக இருந்தது. யாரையும் கூப்பிடத் தெம்பில்லை.

பள்ளம் தோண்டியும் நாற்றம் போகாததால் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது. "பச்ச ஒடம்புக்காரி இந்த நாத்தத்துல கெடந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? அதான் சுரம் எறங்கல. எலி கெடைக்கிற வரைக்கும் நீ ஒங்க அக்கா வூட்ல இரு" என்றார். என் அக்கா வீடு திருக்கழுக்குன்றத்தில் இருந்தது. அக்கா புருஷன் கருவாட்டுக் கடைக்காரர், கடையும் வீடும் ஒன்றுதான். நாற்றத்திலிருந்து என்னைக் காப்பாற்ற மாமியார் என்னைக் கருவாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காய்ச்சல் அவ்வளவு இருந்தது.

வீட்டுக்காரர் கடலில் இருந்தார். நான் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாமியார் தோளில் சாய்ந்து, பாதி நடந்தும் பாதி இழுபட்டும் மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து மாமியார் தலையில் கூடை இல்லாமல் பஸ் ஏறியது அன்றைக்குத்தான். புதுச் சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்து, சம்பந்தி வீட்டுக்குப் போகிற மிடுக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் இருந்தார்கள், கோயில் பார்க்க வந்தவர்கள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் கைக்குட்டையை எடுத்தாள். பின்னால் யாரோ 'உவ்வே' என்றார்கள். எல்லா ஜன்னல்களும் திறந்தன. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேராக மாமியாரிடம்தான் வந்தார். "பிஷ்... பிஷ் லேடி... சாரி" என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, "ஏ ஆயா, கூடைய எங்க ஒளிச்சி வெச்சிகினு கீற? எடுத்து மேல போடு. நாறுது" என்றார்.

மாமியார் எழுந்து நின்றார்.

"கூடையா? எங்கடா கீது கூடை? காட்டுடா!"

"சீட்டுக்கு அடில வெச்சிருப்ப."

"தேடுடா! எல்லாரும் தேடுங்கய்யா! ஒரே ஒரு நெத்திலி கெட்ச்சுதுன்னா நான் இந்த வண்டிய வுட்டு எறங்கி நடந்து போறேன். கெடைக்கலன்னா நீ இன்னா பண்ணுவ, அதச் சொல்லு!"

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பஸ்ஸே தேடியது. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பெஞ்சுகளின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சாக்கு மூட்டை வைத்திருந்த ஒரு மனிதரை அவிழ்க்கச் சொன்னார்கள், உள்ளே பலாப்பழம். ஒரு பாட்டியின் வெற்றிலைப் பையைக்கூட உதறிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் தன் தோள்பையைத் தானாகவே திறந்து காட்டினான். மீன் இல்லை. மீன் வாசனை பட்ட ஒரு துணிகூட இல்லை.

மாமியார் பஸ்ஸின் நடுவில் நின்றார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த தருணம் அது. முகம் ஜொலித்தது. "இன்னாய்யா? எங்க போச்சி மீனு? இத்தினி வருசமா என்னைப் பாத்தாலே நாறுது நாறுதுன்னு சொன்னீங்களே, இப்ப சொல்லுங்க. இந்த வண்டில மீனு இல்ல. அப்ப இந்த நாத்தம் எங்கேந்துடா வருது?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். மாமியார் பதிலுக்காகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்திலிருந்து ஜெயித்த களை மெல்ல வடிந்தது. கேள்வியைக் கேட்டவருக்கே அந்தக் கேள்வி அப்போதுதான் விளங்கியது. வீட்டில் சட்டி இருந்தது, கூரை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். இங்கே பஸ்ஸும் நாங்களும்தான்.

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வந்து என் முன்னால் குனிந்தார். குழந்தையின் தலையை மோந்தார், பால் வாசனை. என் கழுத்தை மோந்தார். பிறகு முந்தானையை விலக்கி வயிற்றுக் கட்டின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். மீனைச் செவுள் தூக்கிப் பார்க்கிற மாதிரி வேட்டித் துணியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினார். சட்டென்று நிமிர்ந்தார்.

"யம்மாடி" என்றார். "யம்மாடி, ஒன் வவுறா!"

நான் அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். அவ்வளவு நாளும் ஏதோ ஓர் எலி செத்துக்கொண்டிருந்தது. இப்போது நான்.

மாமியார் கண்டக்டரைப் பார்த்துத் திரும்பினார். "நாறுறது நாங்கதான்யா. என் மருமவ தையலு அயுகிப்போச்சி. திருக்கயுக்குன்றத்துல நாங்க எறங்கல. எங்கயும் நிக்காத. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு போய் நிறுத்து." தபால்காரரைத் துரத்தியவர், நர்ஸைத் திட்டியவர், முழு பஸ்ஸின் முன்னால் அதைச் சொன்னார். சொல்லும்போது குரல் தணியவில்லை.

டிரைவர் எடுத்தார் பாருங்கள் வண்டியை. துண்டை ஆட்டினால் வயல் நடுவிலும் நிற்கிற பஸ் அது. அன்று திருக்கழுக்குன்றத்தில்கூட நிற்கவில்லை. அங்கே இறங்க வேண்டியவர் ஒருவர் கத்தினார். "பொம்பள செத்துகினு கீது, ஒனக்கு எறங்கணுமா?" என்று பஸ்ஸே அவரைத் திட்டியது. அவர்களுக்கு என்மேல் இரக்கம் பாதி, நாற்றம் சீக்கிரம் இறங்க வேண்டும் என்ற அவசரம் பாதி. எது எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே போய் நின்றது. பலாப்பழக்காரர்தான் என்னைத் தூக்கி இறக்கினார். வெள்ளைக்காரி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டு, "நாறுதா? நாறுதில்ல? அப்ப வழி வுடு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வரிசை இரண்டாகப் பிரிந்தது. இனிமேல் மிதிக்க மாட்டேன் என்றாரே, அந்த வாசப்படியை மிதித்தபோது அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்தார். தையலின் கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டார். அங்கிருந்து வந்ததை நான் எழுதப்போவதில்லை. உள்ளே கழுவினார்கள், துணித் திரியைத் திணித்தார்கள், ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும், குழந்தைக்குத்தான் தாய் இருந்திருக்காது என்று டாக்டர் மாமியாரிடம் சொன்னார். அவர் குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

மறுநாள் புண் கழுவ வந்தது அதே நர்ஸ். மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருந்தார். மருந்து வாசனை வருகிற கைக்குட்டை, நாற்றத்துக்காகக் கட்டியது. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கோபம் வந்தது அவருக்கு. வந்திருக்க வேண்டியதுதான்.

"சொல்லித்தானே அனுப்பினேன்? சுரம் வந்தா வா, கசிஞ்சா வா, நாத்தம் அடிச்சா உடனே வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காதுல விழுந்துதா இல்லையா?"

மாமியார் கட்டில் காலடியில் குழந்தையோடு நின்றிருந்தார். இப்போது ஒரு பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை.

"வியுந்துதும்மா" என்றார். "எங்களத்தான் சொல்றன்னு நெனச்சிகினேன். எங்க போனாலும் அத்தத்தானே சொல்றாங்க. பஸ்ஸுல சொல்றாங்க, மார்க்கெட்டுல சொல்றாங்க. நாறுதுன்னா அது நாங்கதான்னு ஆயிப்போச்சி. நீ இவ வவுத்த சொல்றன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

நர்ஸின் கை இடுக்கியோடு அப்படியே நின்றது. இடுக்கியைத் தட்டில் வைத்தார். பிறகு கழுத்துக்குப் பின்னால் கை கொண்டுபோய்க் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வயிற்றின் மேல் குனிந்தார்.

எனக்கு அழுகை பீறிட்டது. வலி என்று நினைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றார். வலியும்தான். ஆனால் நான் அழுதது ஆத்திரத்தில். கட்டிலைத் தள்ளிப் போட்டவள், தூர நின்று டம்ளரை நீட்டியவள், அந்த பஸ்ஸில் வருஷக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த அத்தனை பேர்மேலும் வந்த ஆத்திரம். அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான், எனக்கு உயிர் தப்ப இருந்த ஒரே எச்சரிக்கை அந்த மனுஷியின் காதில் வசவாக விழுந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நர்ஸ் திரியை உருவினார். நாற்றம் வார்டு முழுக்கப் போயிற்று. மாமியார் எட்டி அவர் தோளைத் தொட்டார்.

"கட்டிக்கோம்மா" என்றார். "நாறுது."

நர்ஸ் கட்டிக்கொள்ளவில்லை.